சிவப்பு வீட்டின் இரண்டு விதிகள்

வீட்டைப் பார்த்ததும் ஜெயலீலாவுக்கு முதலில் தோன்றியது, இதில் என்ன கோளாறு இருக்கும் என்பதுதான். மார்த்தாண்டம் சந்தையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். நல்ல சேலை மலிவாக வந்தால் உடனே முந்தானையை விரித்து ஓட்டை தேடுவது அந்த வீட்டுப் பிள்ளைகளின் கைப்பழக்கம். இந்த வீடோ ஒரு வாரத்துக்குச் சும்மாவே வந்திருந்தது.

கொடுத்தவள் இங்கிரிட். அவள் கணவன் தேவநேசனின் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆன அம்மாள். அவளுடைய அப்பா ஸ்வீடனிலிருந்து வந்த தச்சர். அங்கே கோடை பிறந்தால் ஆளாளுக்குக் காட்டுக்குள் ஒரு குட்டி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார்களாம். நியூ ஜெர்ஸிக்கு வந்த பிறகும் அவருக்கு அந்த ஆசை விடவில்லை. வடமேற்கு மூலையில், சஸ்ஸெக்ஸ் கவுண்டிக் காட்டுக்குள், தன் கையாலேயே ஒன்றைக் கட்டிவிட்டார். மூன்று சனிக்கிழமை போய் இங்கிரிட்டின் கம்ப்யூட்டரைச் சரிபண்ணிக் கொடுத்ததற்கு நன்றியாக அதன் சாவி தேவநேசன் கைக்கு வந்தது. அது 1998 ஜூலை.

அழகில் குறை சொல்ல முடியாது. மிளகாய் வற்றல் நிறத்தில் பலகைச் சுவர். மூலைகளிலும் ஜன்னல் சட்டங்களிலும் மட்டும் வெள்ளை, குளித்த பிள்ளைக்குப் பவுடர் போட்டது மாதிரி. உள்ளே ஒரே அறை. நீல அலமாரியில் கையால் வரைந்த பூக்கள். சுவருக்குள் பொதிந்த கட்டில், அதற்கு ஒரு திரை. பாதி ஜன்னலை மட்டும் மறைக்கும் லேஸ் துணி. விளிம்பில் சிவப்பு மரக்குதிரை. பொம்மைக் கல்யாணத்துக்கு வாங்கியது போன்ற காபிக் கோப்பைகள். கரண்ட் கிடையாது, போன் கிடையாது, தண்ணீருக்கு வாசலில் கைப்பம்பு.

"மம்மி, இட்ஸ் எ டால்ஹவுஸ்!" என்று ஏழு வயது ஷைனா திரைக்குள் புகுந்து புகுந்து வந்தாள்.

"ஏசப்பா, நம்ம எடிசன் ஊரு அபார்ட்மென்ட்ட இதுக்கு முன்னால வச்சா கோழிக்கூடுல்லா," என்றாள் ஜெயலீலா. ஆனால் கண் ஜன்னலுக்கு வெளியே போயிற்று. எல்லா ஜன்னலிலும் மரம். மரத்துக்குப் பின்னால் மரம், அதற்குப் பின்னால் இருட்டு, அதுவும் பட்டப்பகலில். அபார்ட்மென்டில் மேல்வீட்டுக்காரர் தும்மினால் கீழ்வீட்டிலிருந்தே "காட் ப்ளெஸ் யூ" சொல்லலாம். இந்த இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. கடைக்குள் நுழைந்த ஆள் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் கை தானாகக் கல்லாவைப் பூட்டுமே, அப்படி இருந்தது.

தேடிய கோளாறும் அகப்பட்டது. கழிப்பறை வெளியே இருந்தது. நாற்பது அடி எடுத்து வைத்தால் மரங்கள் தொடங்கும் விளிம்பில், பெரிய வீட்டின் குட்டி மாதிரி, அதே சிவப்பு, அதே வெள்ளை மூலை, கதவில் இதய வடிவில் ஓர் ஓட்டை. உள்ளே மூடி போட்ட மரப்பலகை, அதன் அடியில் ஒரு வாளி. வாளியை வெளியே எடுத்துக் கொட்டப் பின்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவு.

இங்கிரிட் ஒரு தாளில் பதினான்கு விதிகளை டைப் அடித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். தேவநேசன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாய் வாசித்தான். மூன்றாவது: வீட்டுக்குள் மீன் சமைக்கக் கூடாது, பழைய மரம் அந்த வாசனையை ஐம்பது வருஷம் வைத்திருக்கும். நான்காவது: வீட்டுக்கு வெளியே எந்த உணவையும் வைக்கக் கூடாது, கரடி வரும்.

"ரெண்டுக்கும் அந்த அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன், கேட்டியா?" என்றான்.

"கேட்டேன், கேட்டேன்."

கேட்டாள்தான். ஆனால் அவளுடைய அப்பாவின் கடையில் 'ஒரே விலை' என்று ஒரு போர்டு தொங்கியது, இயேசு படத்தைவிடப் பெரியது. அதன் அடியில் உட்கார்ந்துகொண்டுதான் அப்பா காலையிலிருந்து மாலை வரை பேரம் பேசுவார். சுவரில் எழுதியிருப்பது பேச்சைத் தொடங்க என்றுதான் அவள் சிறு வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போதே தேவநேசன் கேட்டிருந்தான், "கருவாடு எதும் எடுத்துக்கிடலியே?"

"என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்றாள். கேள்விக்குக் கேள்வியையே திருப்பிக் கொடுப்பது கடைக்காரப் பேச்சு. பொய் சொன்னதாகவும் ஆகாது.

எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஷைனாவின் குளியல் துண்டுகளுக்கு நடுவே, மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள், இரண்டு கிலோ. குளச்சலிலிருந்து நாத்தனார் கொண்டுவந்த வாளையும் நெத்திலியும். ஜனவரியில் அபார்ட்மென்டில் ஒரே ஒரு துண்டு பொரித்ததற்கு மேல்வீட்டுக்காரி கேஸ் லீக் என்று போன் போட்டு, மூன்று தீயணைப்பு வீரர்கள் கோடாலியோடு வாசலில் நின்றார்கள். மறுநாள் அபார்ட்மென்ட் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம். அதற்குப் பிறகு ஆறு மாதமாய் நாக்கு செத்துக் கிடந்தது. அக்கம்பக்கமே இல்லாத வீடு என்று கேள்விப்பட்ட நிமிஷமே அவள் பெட்டியில் முதலில் வைத்தது அந்தப் பொட்டலத்தைத்தான். ஞாயிற்றுக்கிழமை தேவநேசன் ஏரிக்குப் படகு ஓட்டப் போவான். அந்த நேரத்தில் வெளியே கல் அடுப்பில் வேலையை முடித்துவிடலாம்.

அதுவரை எங்கே வைப்பது? வீட்டுக்குள் மீன் கூடாது. வெளியே உணவு கூடாது. கழிப்பறை வீடும் இல்லை, வெளியும் இல்லை. கதவு உண்டு, கொக்கி உண்டு. அங்கே ஏற்கெனவே ஒரு நாற்றம் குடியிருக்கிறது, கூட ஒன்று வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு விதிக்கும் நடுவே விலை படிந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஷைனாவைக் கூட்டிக்கொண்டு போன சாக்கில் பையை உள்ளே ஆணியில் மாட்டினாள்.

"வாட்ஸ் தட்?"

"கருவாடு. அப்பாகிட்ட சொல்லாத மக்ளே, என்ன?"

"ஓகே." ஷைனா வாயைப் பூட்டிச் சாவியைத் தூர எறிவது போல் கையைக் காட்டினாள்.

அன்று நாலு மணி. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தேவநேசன் வாசல் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். "டாடி, பாத்ரூம்," என்றாள் ஷைனா. "நீயே போயிட்டு வா, பெரிய பிள்ளல்லா," என்றான். ஜெயலீலா ஜன்னலருகே நின்று தோசைத் திருப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் புல்லில் துள்ளித் துள்ளிப் போவதையும், கதவு சாத்துவதையும் பார்த்தாள்.

பிறகு புளூபெர்ரிப் புதரிலிருந்து கறுப்பாய் ஒன்று வெளியே வந்தது.

எருமைக்கன்று என்றுதான் நினைத்தாள். சஸ்ஸெக்ஸில் எருமைக்கன்று ஏது என்று அடுத்து நினைத்தாள். அதற்குள் அதன் நடையைப் பார்த்துவிட்டாள். மூக்கை உயர்த்திக்கொண்டு, வலப்பக்கம் இடப்பக்கம் திரும்பாமல் வந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவன் ஒவ்வொரு கடையாக நிற்பான். வாங்க வருகிறவன் அப்படி நிற்க மாட்டான். இது வாங்க வந்தது.

"ஏங்க," என்றாள். ஜன்னல் சட்டத்தைத் திருப்பியால் தட்டினாள். மறுபடி, "ஏங்க!"

தேவநேசன் பேப்பரை இறக்கினான். கரடி அப்போது கழிப்பறையைச் சுற்றி ஒரு தடவை நடந்து முடித்து, கதவின் முன்னால் பின்னங்காலில் எழுந்து நின்றது. இதய ஓட்டை அதன் மூக்குக்கு நேரே இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தது வீட்டு வாசல் வரை கேட்டது.

உள்ளேயிருந்து ஷைனா கத்தினாள். ஒரே ஒரு கத்தல். அப்புறம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் ஜெயலீலாவின் காலைப் பிடித்து இழுத்தது. படியில் இறங்கியவளைத் தேவநேசன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"ஓடாத. ஓடக்கூடாதுன்னு எழுதியிருக்கு. சத்தம் போட்டா போயிரும்."

உள்ளே போய் இரண்டு பாத்திரங்களை எடுத்து வந்து அடித்தான். கரடி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது, கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் மேளக்காரனைப் பார்ப்பது போல. பிறகு நகத்தைக் கதவிடுக்கில் கொடுத்து இழுத்தது. ஒரு பலகை விரிசல் விட்டது. உள்ளே இருந்த கொக்கி ஜெயலீலாவின் சுண்டுவிரல் கனம்தான், அது அவளுக்குத் தெரியும்.

"போயிரும், போயிரும்," என்றான் தேவநேசன். பாத்திரங்களைக் கீழே வைத்துவிட்டுக் கையை வாயில் குவித்தான். "அதுக்கு இங்க என்ன சோலி? சாப்பாடு ஒண்ணும் இல்லன்னா தானே போயிரும். மக்ளே! ஷைனா! டாடி பேசுதேன். பேடிக்காத, பயப்படாத. உள்ள சாப்பிடுத சாமான் ஏதும் வச்சிருக்கியா? கேண்டி? சிப்ஸ்? ஏதாவது இருக்கா?"

கதவு ஒரு தடவை குலுங்கி நின்றது. உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"நோ, டாடி."

ஜெயலீலா அந்தக் கதவையே பார்த்தாள். ஒரு பலகைக்கு அப்பால் கரடி மூச்சு விடுகிறது, பிள்ளை அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நொடியே அவள் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சுதான். அந்த ஒரு மூச்சுக்குள் தேவநேசனின் முகம், இங்கிரிட்டுக்கு அவன் கொடுத்த வாக்கு, ஆபீஸில் சொல்லிச் சிரிப்பார்களே என்ற எண்ணம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வேறு வழியாகச் சொல்ல ஏதாவது சொல் அகப்படுமா என்றுகூட மனசு துழாவிற்று. கதவில் இரண்டாவது பலகை விரிந்தது.

"இருக்கு," என்றாள். "உள்ள கருவாடு இருக்கு. நான்தான் வச்சேன். பிள்ளைகிட்ட சொல்லாதன்னு நான்தான் சொன்னேன்."

தேவநேசன் அவளைப் பார்த்தான். திட்டுவதற்கு வாயைத் திறந்தவன்போல இருந்தான், வந்தது வேறு. "எவ்வளவு?"

"ரெண்டு கிலோ."

"ரெண்டு கிலோவா!"

"இப்ப அத எடை போட்டு என்ன செய்ய? அது போகாது. சரக்கு உள்ள இருக்குன்னு தெரிஞ்சுட்டு. வாங்காம போகாது." பேசப் பேசத்தான் அவளுக்கே வழி தெரிந்தது. சரக்கை வேறு வாசலுக்கு மாற்றினால் ஆளும் அங்கே போவான். "ஷைனா! மம்மி சொல்லுதத கேளு. அந்த ஆணியில மாட்டின பை இருக்குல்லா, அத எடு."

"யூ செட் டோன்ட் டெல்."

"இப்ப சொல்லலாம் மக்ளே. எல்லாரும் சொல்லலாம். பையக் கிழிச்சு எல்லாத்தையும் அந்த டாய்லெட் ஓட்டைக்குள்ள கொட்டு. கொட்டிட்டு மூடியப் போட்டு மூடு. மூடிட்டு அது மேல ஏறி உக்காரு. வெயிட் போட்டு உக்காரு."

"இட்ஸ் லுக்கிங் அட் மீ."

"பாக்கட்டும். நீ அதப் பாக்காத. மீனப் பாரு. கிழி."

பிளாஸ்டிக் கிழியும் சத்தம் வந்ததா, இல்லை அவள் நினைத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. வாளிக்குள் காய்ந்த மீன் விழுந்த சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது, சரளைக்கல் கொட்டினது போல. கரடி நான்கு காலில் இறங்கிற்று. மூக்கு பலகை ஓரமாகவே தரையை மோந்துகொண்டு மூலை திரும்பிப் பின்பக்கம் போயிற்று.

"போயிட்டு! ஜெயா, போயிட்டு!"

"எங்கயும் போகல. பின்கதவுக்குப் போயிருக்கு. நீங்க கார எடுங்க."

அவன் சாவியைத் தேடி உள்ளே ஓடினான். ஜெயலீலா படியை விட்டு இறங்கினாள். ஓடக்கூடாது. ஓடவில்லை. நாற்பது அடியையும் எண்ணி எண்ணி வைத்தாள். பதினைந்தாவதில் பின்கதவு பிய்ந்து விழுந்த சத்தம். இருபதில் வாளி இழுபட்டுக் கவிழ்ந்த சத்தம். மகள் உட்கார்ந்திருக்கும் பலகைக்கு நேர் அடியில் இப்போது அந்தத் தலை இருக்கும். முப்பதில் கருவாட்டு முள் நொறுங்குவது கேட்டது. அவசரமில்லாத நொறுக்கல். சீக்கிரம் முடிக்காதே, ராசா, மெள்ளத் தின்னு என்று அவள் முணுமுணுத்தாள். வாழ்க்கையில் எந்த வாடிக்கையாளரிடமும் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

கதவருகே போய் இதய ஓட்டையில் வாயை வைத்தாள். "மக்ளே, மம்மி. கொக்கியத் திற."

"ஐ கான்ட். இட்ஸ் பென்ட்."

கரடி இழுத்த இழுப்பில் கொக்கி வளைந்து வளையத்தில் இறுகியிருந்தது. பிள்ளையின் விரல் அதைத் தள்ளுவதும் வழுக்குவதும் கேட்டது. ஆனால் அதே இழுப்பில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் இடுக்கும் விழுந்திருந்தது. ஜெயலீலா கையைப் பார்த்தாள். தோசைத் திருப்பி அதில் இருந்தது, ஜன்னலிலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதை இடுக்கில் நுழைத்து அடியிலிருந்து மேலே நெம்பினாள். நகரவில்லை. கழிப்பறைக்குப் பின்பக்கம் நொறுக்கல் நின்றது.

அவளும் நின்றாள். கழிப்பறையின் மூலையில் கறுப்பு முகம் ஒன்று நீண்டு வந்து அவளைப் பார்த்தது. நாலு அடிகூட இருக்காது. மூக்கின் மேல் ஒரு நெத்திலி ஒட்டியிருந்தது. கண்ணில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம். இந்தக் கண்ணோடு எந்தப் பேச்சும் செல்லாது என்று அவளுக்குத் தெரிந்தது. மகளின் மூச்சு பலகைக்குப் பின்னால் கிழிந்து கிழிந்து வந்தது. "சத்தம் போடாத," என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள்.

கரடி நாக்கை வெளியே விட்டு நெத்திலியை எடுத்துக்கொண்டது. மிச்சத்துக்குத் திரும்பிற்று.

ஜெயலீலா உடம்பின் கனத்தையெல்லாம் திருப்பியின் பிடியில் போட்டாள். கொக்கி துள்ளித் தெறித்தது. கதவு திறந்ததும் ஷைனா அவள் இடுப்பில் வந்து விழுந்தாள். கால் இரண்டும் நனைந்திருந்தன. தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தாள், முதுகைக் காட்டாமல். கார் புல்லை உழுதுகொண்டு வந்து நின்றது. உள்ளே விழுந்து கதவைச் சாத்திய பிறகும், நான்கு பூட்டும் ஒன்றாய் விழுந்த பிறகும், அவள் கை திருப்பியை விடவில்லை.

பெட்டி, அரிசி, துணிமணி, தேவநேசனின் செருப்பு எல்லாம் அந்த அழகான வீட்டிலேயே கிடந்தன. 

கார் ரூட் இருநூற்றாறில் ஏறியது. பிறகு தேவநேசன் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "பிள்ள 'நோ'ன்னு சொன்னப்ப நீ எங்க நின்ன?"

"உங்க பக்கத்துல."

"கேட்டுதா?"

"கேட்டுது."

அவன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வண்டியை ஓட்டினான். திட்டினால் திருப்பிச் சொல்ல அவளிடம் ஆயிரம் இருந்தது. நீங்கதானே தனியா போகச் சொன்னீங்க என்பது அதில் முதல். அவன் திட்டாததால் ஒன்றும் செலவாகவில்லை. எல்லாம் அவளிடமே தங்கிப்போயிற்று.

நெட்காங் ஊருக்கு முன்னால் ஒரு கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோலுக்கு நிறுத்தினான். ஷைனா தொடைகளை இறுக்கிக்கொண்டு நெளிந்தாள். "போகணுமா மக்ளே?" தலையை ஆட்டினாள். கட்டடத்தின் பக்கவாட்டில் சாம்பல் பெயின்ட் அடித்த இரும்புக் கதவு. பிள்ளை அதைப் பார்த்ததும் காரின் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இது இரும்பு, மக்ளே. யாரும் வர மாட்டாங்க."

"நோ."

"மம்மியும் உள்ள வாரேன்."

"நோ டோர்," என்றாள் ஷைனா. "டோர் வேண்டாம்."

வீட்டில் அவள் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிப் பல மாதம் ஆகியிருந்தது. ஜெயலீலா பெல்ட்டைக் கழற்றினாள். கதவை அகலத் திறந்து அதன் அடியில் ஒரு செங்கல்லை வைத்தாள். மகளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, துப்பட்டாவை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, வாசலை அடைத்து நின்றாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். லாரி டிரைவர் ஒருவன் வந்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று இங்கிலீஷில் கேட்டான். "தெரியாது," என்றாள். அவன் சாலைக்கு அப்பால் தெரிந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவளும் அந்த மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றின் அடியில் எது அசைந்தாலும் துப்பட்டாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஒரு காகிதப் பைகூட அசையக் கூடாது.

"மம்மி?"

"இருக்கேன்."

"டோன்ட் கோ."

"எங்க போவேன்? இங்கதான் நிக்கேன்."

தேவநேசன் வெறுங்காலோடு தார்த்தரையில் நடந்து வந்தான். துப்பட்டாவின் ஒரு முனையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை. டிரைவர் இரண்டாவது சிகரெட்டைப் பற்றவைத்தான். ஜெயலீலாவின் கை மரத்துப்போயிற்று. அதை இறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, தகரத்தில் மழை தூறத் தொடங்குவது போல, உள்ளே பிள்ளை ஒன்றுக்குப் போகும் சத்தம் கேட்டது.